செங்கல்வராயன் சைலன்சர் மாற்றினான்

படாளத்து செங்கல்வராயன் என் ஒன்றுவிட்ட தங்கை வேண்டாவின் இரண்டாவது மகன். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பஸ்ஸிலேயே பிறந்தவன். இன்னும் பத்து நிமிஷம் பொறுத்திருந்தால் கட்டிலில் பிறந்திருப்பான். அந்த வம்சமே அப்படித்தான். அவன் அப்பன் அப்பாசாமி பந்தியில் பாயசம் வருவதற்குள் இலையை மூடிவிடுவார். பாட்டன் அதற்கும் மேலே. தாலி கட்டும்போது நாத்தனார் போட வேண்டிய முடிச்சையும் சேர்த்துத் தானே போட்டுவிட்டாராம். எங்கள் அத்தை சாகும்வரை சொல்லிச் சிரித்தாள்.

நாற்று நட்டுவிட்டு அறுப்புக்குக் காத்திருக்க செங்கல்வராயனால் ஆகவில்லை. கழனியை அண்ணனிடம் விட்டுவிட்டு, பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி மீன் ஏற்ற ஆரம்பித்தான். அவன் பெண்டாட்டி சுஜாதா அச்சிறுபாக்கத்துப் பெண், என் பெரிய மாமன் வழியில் எனக்குப் பேத்தி முறை. விடிகிற நேரத்தில் சதுரங்கப்பட்டினம் கரையில் நின்று மீன் ஏலம் எடுப்பது அவள். வண்டி ஓட்டுவது அவன். நெல்லு தவிர வேறு தெரியாத குடும்பத்தில் பிறந்தவள், செவுளைத் தூக்கிப் பார்த்தே எந்த மீன் நேற்றுப் பிடித்தது என்று சொல்லிவிடுவாள். அவனை ஏலத்தில் நிறுத்த முடியாது. ஒருமுறை நிறுத்தியதற்கு, வேறு யாரும் வாய் திறப்பதற்குள் தான் கேட்ட விலைக்கு மேல் தானே ஏற்றிக் கேட்டான்.

ஐஸ் கரைந்து சொட்டுகிற உப்புத் தண்ணீர் வண்டியின் புகைக்குழாயை அரித்துவிட்டது. சரியாக கேபினுக்கு அடியில் ஓட்டை. இறங்கினால் இஞ்சினை நிறுத்துகிற வழக்கமும் அவனிடம் கிடையாது. வண்டியை உறுமவிட்டு ஐஸுக்கு ஓடுவான், டீக்கு ஓடுவான். சுஜாதா உள்ளே உட்கார்ந்திருப்பாள். தலைவலி என்றாள், குமட்டல் என்றாள். சாப்பிடாமல் வந்ததால் என்றான் அவன். ஒருநாள் திருக்கழுக்குன்றத்தில் இறங்கி ரோட்டோரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"பசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பொகைய்யா! கீழேர்ந்து வருது."

அன்றைக்கே முதலில் கண்ணில் பட்ட கடையில் வண்டியை விட்டான். கம்பெனி சைலன்சர் மெட்ராஸிலிருந்து வர நாலு நாள் என்றார்கள். பழைய லாரி சைலன்சர் உண்டு, மாட்ட ஒரு பகல் ஆகும். இல்லாவிட்டால் குழாயை வெட்டிச் சின்ன சைலன்சர் ஒன்றை வைத்து, கதவுக்குக் கீழேயே பக்கவாட்டில் குழாயின் வாயை விட்டுவிடலாம், அரைமணி நேரம். அவன் எதைச் சொன்னான் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வாய் வந்து நின்றது சுஜாதா உட்காரும் கதவுக்கு நேர் கீழே. மறுநாள் கரையில் வண்டியை நிறுத்தி அவன் ஓடியதும், கடல் காற்று புகையை அப்படியே அள்ளி அவள் ஜன்னலுக்குள் போட்டது. திரும்பி வந்தபோது அவள் பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தாள்.

"இன்னாமே, எங்க போற?"

"வூட்டுக்கு. பைப்பை வண்டிக்குப் பின்னால கொண்டும்போய் வுடு. அதுவரைக்கும் நான் ஏற மாட்டேன்."

மூன்று நாள் தனியாகப் போனான். மூன்றாம் நாள் இரண்டு கூடை எடுக்கப் போய் எட்டுக் கூடை காரப்பொடி மீனோடு வந்தான். படாளத்தில் அவ்வளவு பொடி மீனை யார் வாங்குவார்கள்? இப்படியே ஒரு வாரம் போனால் வண்டியை விற்க வேண்டியதுதான் என்று அவனுக்கே தெரிந்துவிட்டது.

திருக்கழுக்குன்றத்தில் இத்ரீஸ் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினான். இத்ரீஸ் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"அண்ணாத்த, மீன் வண்டிக்கு மெல்லிசு தகடு ஆவாது. கனமான சைலன்சரா போடுவோம், மேல ஐஸ் தண்ணி வுழாம ஒரு மூடி. பைப்பு பின் ஆக்சில் மேல ஏறி இறங்கி வெளிய போவணும். ரெண்டு வளைவு."

"எவ்ளோ நேரம் பாய்?"

"சாயங்காலம் ஆவும். பைப்புல மணலை ரொப்பி, ரெண்டு பக்கமும் கட்டையடிச்சு அடைச்சு, பழுக்கக் காய்ச்சித்தான் வளைக்கணும். சும்மா வளைச்சா நசுங்கிப்பூடும், இஞ்சின் மூச்சு வுடாது."

தகரத்தில் மணலைக் கொட்டி அடுப்பில் காயவைத்தார். செங்கல்வராயன் உட்கார்ந்தான், எழுந்தான், ரோடு வரைக்கும் போனான், வந்தான்.

"ஆச்சா பாய்?"

"மணலுக்கு நான் சொல்லிப் பார்த்தேன், கேக்க மாட்டேங்குது."

மதியத் தொழுகைக்குக் கிளம்பும்போது இத்ரீஸ் விரலை நீட்டிச் சொன்னார்: "எதையும் தொடாதே."

அவர் தெரு திரும்பினாரோ இல்லையோ, இவன் எழுந்துவிட்டான். அடுத்த மனையில் வீடு கட்ட மணல் குவித்திருந்தார்கள். மணல்தானே! அள்ளி வந்து குழாயில் ரொப்பினான், கட்டையை அடித்தான், கேஸ் நெருப்பைக் காட்டினான். கொத்தனார் காலையில் அந்த மணலுக்குத் தண்ணீர் தெளித்திருந்தது அவனுக்குத் தெரியாது. உள்ளே ஈரம் ஆவியாகிப் போக வழி தேடியது. டமார்! கட்டை பறந்துபோய் எதிர் டயர்க் கடை போர்டைக் கிழித்தது. குழாய் நீளத்துக்கும் வெடித்துவிட்டது.

இத்ரீஸ் ஓடி வந்தார். "தலை கீதா?"

தடவிப் பார்த்து, "கீது பாய்" என்றான்.

"இருந்து இன்னா பிரயோஜனம்?"

புதுக் குழாய் வாங்கி வந்தார்கள். இந்தத் தடவை கரண்டியை அவன் கையிலேயே கொடுத்து, மணலைக் கிண்டச் சொன்னார். ஒரு மணி நேரம் கேசரி கிண்டுகிற மாதிரி குந்திக்கொண்டு கிண்டினான். எழுந்திருக்கப் பார்த்தபோதெல்லாம் டயர்க் கடைக்காரர் அங்கிருந்தே முறைத்தார்.

பொழுது சாயும்போது வேலை முடிந்தது. சுஜாதாவுக்குப் போன் போட்டான், பஸ்ஸில் வந்து இறங்கினாள். சைலன்சரைப் புகழ்ந்து அவன் சொன்ன எதையும் அவள் காதில் வாங்கவில்லை. "ஸ்டார்ட் பண்ணு" என்றாள். இத்ரீஸ் ஈரச் சாக்கைக் குழாய் வாயில் அழுத்தினார். அப்படி அடைத்தால் ஓட்டை எங்கே இருந்தாலும் புகை அங்கே சீறும். சுஜாதா கீழே குனிந்து, சுடாத தூரத்தில் கையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொருத்தாகப் போனாள். இரண்டாவது பொருத்தில் நின்றாள்.

"இங்க அடிக்குது."

"சின்ன ஓட்டைதாமே. ரெண்டு நாள் ஓடினா கரி பிடிச்சு தானா அடைச்சுக்கும்" என்றான் செங்கல்வராயன்.

அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பஸ் வருகிற திசையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் இவன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். அந்த முகத்தைப் பார்த்தானோ, எட்டுக் கூடையை நினைத்தானோ, தானே போய் ஸ்பேனரை எடுத்துவந்தான்.

"கழட்டு பாய். நாளைக்கு ஆனாலும் சரி, மொத்தமா சூடு ஆறட்டும்."

சூடு ஆறக் காத்திருந்து, கழற்றி, அரத்தால் ராவி, மறுபடி பற்றவைக்க இரண்டு மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் பட்டறை வாசலில் கவிழ்த்த பக்கெட் மேல் அவன் உட்கார்ந்திருந்ததாக சுஜாதாவும் சொல்கிறாள், இத்ரீஸும் சொல்கிறார். இரண்டு பேர் சொல்வதால் நம்புகிறேன்.

மறுபடி சாக்கை வைத்தார்கள். சுஜாதா முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் கையைக் கொண்டுபோனாள். பிறகு கதவைத் திறந்து ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

"நாளைக்கு சங்கரா மீனு வரும்னு சொன்னாங்க. வெள்ளன போவணும், ஏறுய்யா" என்றாள்.