தண்ணி கட்டின பாத்ரூம்

பாத்ரூம் ஒழுகாமப் பண்ணித் தர்றதுதான் என் தொழில். ஆனா மெட்ராஸ்ல எந்த பாத்ரூம் ஒழுகினாலும் முதல்ல தூக்கம் போறது எனக்குத்தான். மேல் வீட்டுத் தண்ணி தலையில சொட்டி அவதிப்பட்ட புண்ணியவான்களே, தொண்ணூறுகள்ல மயிலாப்பூர் ஃப்ளாட் ஒண்ணுல நான் பட்ட பாடு உங்களுக்குத்தான் புரியும்.

எங்காத்துத் தண்ணியா?

மாடியில ரங்கநாயகி மாமி. கீழ ஸ்டெல்லா டீச்சர். மாமி பாத்ரூம் தண்ணி டீச்சர் ஹால் கூரையில வந்து சொட்டுது. ஞாயித்துக்கிழமை அதே ஹால்ல டீச்சர் பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். அதுக்குள்ள சரி பண்ணித் தர்றேன்னு டீச்சர்கிட்ட நான் வாக்குக் கொடுத்தாச்சு, சம்பந்தி தலையில சொட்டினா என் மானமும் சேர்ந்துதான் போகும்.

மாமிகிட்ட போய்ச் சொன்னேன். ஊரெல்லாம் தண்ணிப் பஞ்சம் இருந்த நேரம். மாமி ஒரே போடு போட்டாங்க: "எங்காத்துக் குழாய்லயே சொட்டுத் தண்ணி வரலை, அவாத்துல மட்டும் எப்படி ஒழுகறதாம்?"

வேடிக்கை

எப்படியோ கெஞ்சி, தரையை உடைச்சு, பைப்பை மாத்தி, தண்ணி இறங்காத பூச்சு பூசி முடிச்சோம். அடுத்தது தண்ணி கட்டணும். வேற ஒண்ணுமில்ல, போக்கு ஓட்டையை அடைச்சுட்டுத் தரை முழுக்கத் தண்ணி நிறுத்தி, சுவத்துல கோடு போட்டு வைப்போம். மறுநாள் தண்ணி கோட்டுலயே நின்னா வேலை சுத்தம். இறங்கினா எங்கேயோ ஒழுகுதுன்னு அர்த்தம்.

லாரித் தண்ணியை வாங்கி வாளி வாளியா ஊத்த ஊத்த, மாமி முகம் சுண்டிப் போச்சு. "தெருவே குடத்தைத் தூக்கிண்டு லாரி பின்னாடி ஓடறது, நீங்க தண்ணியை நிறுத்தி வெச்சு வேடிக்கை பாக்கறேளா?"

கோட்டுக்குக் கீழ

சனிக்கிழமை காலையில கதவைத் திறந்தா, அடப்பாவி, பாதித் தண்ணியைக் காணோம்! கீழ ஓடினேன். கூரை காய்ஞ்சிருக்கு. மேல ஓடினேன். பூச்சுல விரிசல் இல்ல. மறுபடி கீழ, மறுபடி மேல. சொட்டினாலாவது எங்கன்னு தெரியும். சொட்டாமப் போன தண்ணி எங்க போச்சு?

மேஸ்திரி ஏழுமலை, "செவுத்துக்குள்ள பூந்துகினு கீது சார், ஒடைச்சிப் பாத்துடலாம்"னு சுத்தியலை எடுத்துட்டாரு. உடைச்சா நாளைக்குள்ள முடிக்க முடியாது. மாமி வீட்டு வாசல்ல டீச்சர் கையைப் பிசைஞ்சுகிட்டு நிக்கறாங்க. கோபமாக் கேட்டிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாத்தான் கேட்டாங்க: "தம்பி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்களை வர வேணாம்னு சொல்லிடவா?"

கொடியில புடவை

ஏழுமலை உளியை வெச்சு ஓங்கிட்டாரு. அப்பதான் பால்கனிப் பக்கம் சொட் சொட்டுன்னு சத்தம். எட்டிப் பார்த்தா கொடி முழுக்க ஈரப் புடவை! குழாய்ல தண்ணி வராத வீட்டுல இவ்வளவு துணி எப்படி அலசினாங்க? "நிறுத்துய்யா!"ன்னு கத்திட்டு மாமியைக் கேட்டேன்.

மாமி கொஞ்சமும் அசரலை. "நீங்கதான் ரூம் நிறையப் பிடிச்சு வெச்சிருந்தேளே! வீணாப் போறதேன்னு மொண்டு அலசிட்டேன், இது ஒரு தப்பா?"

சம்பந்தி

மிச்சத் தண்ணிக்குப் புதுக் கோடு போட்டு, பாத்ரூமைப் பூட்டிச் சாவியை என் பையில போட்டுக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை பார்த்தேன், தண்ணி கோட்டுலயே நின்னுது. டீச்சர் என்னையும் விசேஷத்துக்குக் கூப்பிட்டாங்க. மாமி பட்டுப் புடவையில முன் வரிசையில உக்காந்திருந்தாங்க. மோதிரம் மாத்தினப்போ எல்லாரும் கை தட்டினாங்க. நான் கூரையையே பார்த்துகிட்டிருந்தேன். சம்பந்தி டீச்சர் பக்கம் குனிஞ்சு கேட்டது என் காதுலயே விழுந்துச்சு: "யாருங்க அவரு, வந்ததுலேர்ந்து மேலயே பாத்து வேண்டிக்கிட்டிருக்காரு, பொண்ணுக்குத் தாய்மாமாவா?"

எந்த ஓட்டையையும் நான் அடைச்சுடுவேன் சார், ஆனா மெட்ராஸ்ல சும்மா நிக்கிற தண்ணியைக் காப்பாத்த இன்னும் பூச்சு கண்டுபிடிக்கலை.