நீளமான போல்ட்

டயர்க் கடையில் அவருக்கு ‘மறுபடி’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் கடை முதலாளிக்கே மறந்துபோயிற்று. எந்த வேலையை முடித்தாலும், “இருங்க, மறுபடி ஒருதடவை பாத்துடுறேன்” என்பார். நட்டுகளை இறுக்கி, கையைக் கழுவி, துடைத்த கையோடு திரும்பி வந்து மறுபடி இறுக்குவார். பயந்த சுபாவம். கேலி பண்ணுகிறவர்கள்கூடச் சொந்த வண்டியை அவரிடம்தான் விடுவார்கள்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு வாய்த்த மனைவி மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிறாள் என்றால் அவர் பாட்டை என்னவென்று சொல்வது! தினமும் காலையில் மேலே இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு டீச்சர்களை ஏற்றிக்கொண்டு போவாள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதலபாதாளம். துணிச்சல்காரி என்று ஊரே அவளை மெச்சும். இவருக்கோ அவள் இறங்கி வரும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. அந்தப் பாதையில் அவர் ஒருநாளும் ஏறியதில்லை.

மழை பிடித்துக்கொண்டதும் ஒரு வளைவில் ஜீப் வழுக்கியிருக்கிறது. அவளா சொல்வாள்? டீச்சர் ஒருத்தி சொல்லித்தான் தெரிந்தது. கேட்டதும் அவருக்கு ஈரக்குலையே நடுங்கிவிட்டது. உடனே டயர் மாற்ற மனைவியைக் கடைக்கு வரச்சொன்னார்.

அவள் ஒல்லியான மட் டயரைத் தொட்டுக் காட்டினாள். “இது போதுங்க. சேத்தக் கிழிச்சுக்கிட்டுப் போய்க் கெட்டித் தரையப் பிடிக்கும். ஸ்டியரிங்கும் லேசா இருக்கும்.”

“நீ போதும்னு சொன்னாலே எனக்கு வயித்தக் கலக்குது” என்று இருப்பதிலேயே அகலமானதை உருட்டி வந்தார்.

அகல டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அப்படியே விட்டால் கல்லையும் சேற்றையும் கண்ணாடியில் வாரி இறைக்கும். ஆகவே மட்கார்டு விளிம்பில் ஃபிளேர் என்கிற கறுப்புப் பட்டையையும் வைக்க வேண்டியதாயிற்று. அதிலும் கனமானதாகப் பார்த்து எடுத்தார். கூட வந்த போல்ட்டுகள் குட்டையாக இருந்தன. ஓடும்போது கழன்று விழுந்தால்? நீளமான போல்ட்டுகளாகப் பொறுக்கி, உள்பக்கம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நட்டுப் போட்டு முறுக்கினார். ஜீப்பை ஜாக்கியில் தூக்கி வைத்தபடியே ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்துப் பார்த்தார். உரசவில்லை. மறுபடி பார்த்தார். அப்போதும் உரசவில்லை.

மறுநாள் காலை அவள் கிளம்பிப் போனாள். இவர் அதிசயமாக டீ குடித்துவிட்டு, இன்னொருவரின் ஜீப்புக்கு அதே ஃபிளேரை அதே நீள போல்ட் போட்டு மாட்டினார். வண்டி நிறைய சிமென்ட் மூட்டை. ஜாக்கியை இறக்கியதும் பாரத்தில் வண்டி அமுங்கி உட்கார்ந்தது. வண்டிக்காரர் ஸ்டியரிங்கை ஒடித்தார். கரகரவென்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால், உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டின் நுனி டயரைக் கீறிக்கொண்டிருக்கிறது.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தூக்கி வைத்தால் சக்கரம் கீழே தொங்கத்தானே செய்யும், எப்படி உரசும்? இத்தனை வருஷம் டயரோடு மாரடித்தும் இது இந்தப் பாழாய்ப்போன மண்டைக்கு உறைக்கவில்லையே! அவள் வண்டி நிறைய ஆட்கள். போகிற வழியெல்லாம் வளைவு. போன் போட்டார், மலையில் ஏது சிக்னல்?

“முதலாளி, பைக் சாவியக் குடுங்க.”

“எங்கய்யா போற?”

“மேல.”

முதலாளி வாயைப் பிளந்துகொண்டே சாவியைக் கொடுத்தார்.

பள்ளத்தைப் பார்க்காமல் பாறையைப் பார்த்தே ஓட்டினார். வளைவுக்கு வளைவு சேற்றில் ரப்பர் துணுக்குகள் கிடந்தன. ஒவ்வொன்றையும் பார்க்கும்போது உயிர் போய் உயிர் வந்தது. ஒரு திருப்பத்தில் ஜீப் நின்றது. கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒருத்தரும் இல்லை. பைக்கைப் போட்டுவிட்டு ஓடினார்.

ஜீப்புக்குப் பின்னால், பாறையில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்திருந்தது.

“கரகரன்னுச்சு. ஏத்தத்துல நிறுத்த இடமில்ல, ஊர்ந்து ஊர்ந்து இதுவரைக்கும் வந்துட்டேன். டீச்சர்ங்கள நடந்து போகச் சொல்லிட்டேன்” என்றாள்.

அவர் முன்சக்கரத்தைத் தடவினார். பக்கவாட்டில் இருந்த வெட்டுக்குள் விரல் போயிற்று, உள்நூல் தட்டுப்பட்டது. இன்னும் ஒரு வளைவு போயிருந்தால்... நினைக்கவே முடியவில்லை.

“நான்தாம்மா. நான் போட்ட போல்ட்தான்” என்று அழுதேவிட்டார்.

அவள் திட்டவில்லை. மடியில் கிடந்த அவள் கைகள் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன.

“என்னம்மா, கை இப்படி நடுங்குது?”

“தினமும்தான் நடுங்கும். இங்க யாரு பாக்கறா?”

“உனக்கா? எங்கிட்ட ஒருவார்த்த சொன்னதில்லையே!”

“நீங்க ஏற்கனவே சோறு தண்ணி இல்லாம கெடக்கறீங்க. நானும் பயந்து செத்தா நம்ம வீட்ல யாரு அடுப்பு பத்த வெக்கறது?”

அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். பொய் வரவில்லை.

“எனக்கும் ரொம்பப் பயமா இருக்கும்மா” என்றார்.

“தெரியும். ஸ்டெப்னிய அப்புறம் மாத்திக்கலாம். கொஞ்சம் இப்படிக் கிட்ட வந்து உக்காருங்க.”