லிஃப்ட்காரர் பெற்ற டாக்டர்

அவளுடைய அப்பா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டியவர். மனிதர்களை அவர் எடைபோட்டதே அந்த இரும்புக் கதவோரம் முக்காலியில் உட்கார்ந்துதான். டாக்டர் வந்தால் உள்ளே நிற்பவர்கள் ஒதுங்கி இடம் விடுவார்கள், இவரும் எழுந்து நிற்பார். வக்கீலா? வரிசையில் நிற்கட்டும். ஆகவே மகள் டாக்டர் என்பது அவள் தொட்டிலில் கிடந்தபோதே முடிவாகிவிட்டது.

மருத்துவத்தில் இடம் கிடைக்கவில்லை. சட்டம் படித்தாள். குடும்ப வழக்குகளில் நல்ல பெயர் எடுத்தாள். அழுதுகொண்டு வந்த பெண்கள் அவள் அறையிலிருந்து நிமிர்ந்து வெளியே போனார்கள். என்ன பிரயோஜனம்? அப்பாவின் மனசில் அது ஒட்டவே இல்லை.

"டாக்டரைப் பார்த்தா கையெடுத்துக் கும்பிடுறாங்க. வக்கீலைப் பார்த்தா பர்ஸை இறுக்கிப் பிடிச்சுக்கிறாங்க."

"உங்க டாக்டருக்கே ஒரு கேஸ்னா என்கிட்டதான்ப்பா வரணும்."

இருவரும் சிரிப்பார்கள். அவள் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றுவிடும்.

மூச்சு முட்டி, கடைசியில் அதே ஆஸ்பத்திரியில் அவரைச் சேர்த்தார்கள். லிஃப்டுக்கு இப்போது ஆள் இல்லை. பழைய முகம் ஒன்றுகூட இல்லை. அது அவருக்கு வசதியாகப் போயிற்று. மறுநாள் அவள் வார்டுக்குள் நுழைந்ததும் நர்ஸ் எழுந்து, "வாங்க டாக்டர்" என்றாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அப்பா அவள் கையைப் பிடித்து அழுத்தினார். முகத்தில் அப்படியொரு பெருமை! அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் தன்னைப் பார்த்து அவர் முகம் அப்படி மலர்ந்து அவள் கண்டதே இல்லை. போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

சாயங்காலம் பெரிய டாக்டர் அவளைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார். மற்றவர்களுக்குப் புட்டுப் புட்டு வைக்கிற மனிதர், அவளிடம் தொழில்காரர்களின் பாஷையில் என்னென்னவோ சொல்லி, எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டி, "உங்களுக்கு நான் விளக்கணுமா?" என்றார். புரியாமல் தலையாட்டாதே என்பதுதான் கட்சிக்காரர்களுக்கு அவள் சொல்லும் முதல் பாடம். அவள் தலையாட்டினாள். நர்ஸிடம் கேட்கலாம். கேட்டால் அப்பாவின் குட்டு வெளிப்பட்டுவிடும். டாக்டரின் குரல் நிதானமாகத்தானே இருந்தது, பயமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வீட்டில் அம்மா கிளம்பத் தயாராக இருந்தாள்.

"ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன்டி."

"முட்டி வலியோட எதுக்கும்மா? நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

விடிவதற்குள் அவர் போய்விட்டார்.

கட்டிலருகே அம்மா அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பெரிய டாக்டர் வந்தார். "நேத்தே சொன்னேனே டாக்டர், நேரம் ரொம்ப இல்லைன்னு. வீட்டு ஆளுங்களை வரச் சொல்லியிருப்பீங்கன்னு நினைச்சேன்."

அப்பாவின் உடல் எதிரில் கிடக்கும்போது அவள் என்ன சொல்வாள்? "ஆமா சார், சொன்னீங்க" என்றாள்.

அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல், டாக்டர் அந்தப் பக்கம் போனதும் அவள் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். அப்பா சொன்ன பொய்யை, தனக்கு ஒரு வார்த்தை புரியாததை, கேட்காமல் வந்ததை.

அம்மா அழவில்லை, திட்டவில்லை. அவர் காலை விடாமலே கேட்டாள்:

"கேள்வி கேக்குறதுதானேடி உன் வேலை?"