கலியாண வீட்டு அழுகை

எங்கள் சித்தியின் கலியாணத்தில் ஒரு அபசகுனமும் நடந்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்பாவின் அண்ணன் மனைவியான பெரியம்மா குவேக்கர்ஸ் ஹில்லிலிருந்து ஒரு கிழமை முன்னதாக எங்கள் மெரிலேண்ட்ஸ் வீட்டுக்கு வந்து இறங்கியிருந்தார். யாராவது தும்மினால் முறைத்தார். கறுப்புச் சட்டை போட்ட கூரியர்காரனை வாசலோடு நிறுத்தி அனுப்பினார். இவ்வளவு காவலையும் மீறி, அபசகுனம் பக்கத்து வீட்டிலிருந்து கையில் ஒரு பார்சலுடன் சிரித்துக்கொண்டே வந்தது.

சித்தி என்பது அம்மாவின் தங்கை. ஊரில் சண்டை முடிந்த பிறகு அம்மாதான் அலைந்து திரிந்து அவரை இங்கே கூப்பிட்டெடுத்தார். அவர்களுடைய தாய் அந்தச் சண்டையின் கடைசி நாட்களில் போய்விட்டார். அம்மாவுக்கு அது தொலைபேசியில் வந்த செய்தி. எங்கள் வீட்டில் அதைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. மாப்பிள்ளை மெல்பேர்ணில். தாயின் இடத்தில் நின்று தங்கையைக் குறையில்லாமல் அனுப்பிவைக்க வேண்டும் என்ற ஒரே நினைப்புடன் அம்மா ஓடித்திரிந்தார். சித்தியின் முகம் கொஞ்சம் வாடினாலும், “கண் கலங்கப்படாது, நல்ல காரியம்” என்பார். சித்தியும் சொன்ன சொல் கேட்கிற பிள்ளைபோல் கலங்காமல் இருந்தார்.

பக்கத்து வீட்டு அன்ரி சீனாவிலிருந்து வந்தவர். ஆனால் சீனர் என்று சொன்னால் அவருடைய மகள், என் வகுப்புத் தோழி, உடனே திருத்துவாள். தாங்கள் துஜியா, மலைநாட்டுச் சனம், வழக்கம் எல்லாம் வேறு என்பாள். ஸ்ரீலங்கா என்றதும் எங்களுக்குச் சிங்களம்தான் பாஷை என்று முடிவுகட்டுகிறவர்களுக்கு விளக்கம் சொல்லிச் சொல்லி நாங்களும் களைத்திருந்தோம். அந்த விஷயத்தில் இரண்டு வீட்டுக்கும் நல்ல ஒற்றுமை.

அன்று பலகாரம் சுடுகிற நாள். காரை வெளியே விட்டுவிட்டு, கராஜில் காஸ் அடுப்பு வைத்து, அம்மாவும் பெரியம்மாவும் சிப்பிப் பலகாரம் பொரித்துக்கொண்டிருந்தார்கள். சித்தி கதிரையில் இருந்து மாவைச் சிப்பி வடிவாக அழுத்திக்கொண்டிருந்தார். அன்ரி மகளுடன் வந்து பார்சலைப் பிரித்தார். அவர்கள் ஊரில் கலியாணப் பெண்ணுக்கென்று நெய்கிற போர்வை அது. சிவப்பும் மஞ்சளுமாய் அவ்வளவு வடிவு. பெரியம்மாவின் கண் மட்டும் நேராக அதிலிருந்த கறுப்புக்குப் போனது.

அன்ரி சித்தியை உற்றுப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். தோழி அதை ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழாக்கினேன். “சித்தி ஏன் இன்னும் அழத் தொடங்கேல்லை எண்டு கேக்கிறா.”

எல்லோரும் சிரித்தார்கள். அன்ரி சிரிக்கவில்லை. அவர்கள் வழக்கத்தில் பெண் கலியாணத்துக்குப் பல நாள் முன்னரே அழத் தொடங்கிவிடுவாளாம். பாட்டாகக் கட்டி அழவேண்டுமாம். தாயை, தகப்பனை, கூடப் பிறந்தவர்களை நினைத்து முறையாக அழுது, கடைசியில் கலியாணம் பேசி வந்தவரையும் திட்டி அழலாமாம். அவர் கோபிக்கக் கூடாது. அழாத பெண்ணை, பெற்றவர்கள்மேல் பாசமில்லாதவள் என்று ஊர் சொல்லுமாம். தனியாக அழ வெட்கப்பட்டால் சிநேகிதிகள் கூட இருந்து தொடக்கிவைப்பார்களாம். சித்திக்கு இங்கே சிநேகிதிகள் இல்லை என்பது அன்ரிக்குத் தெரியும். கதிரையை இழுத்துப் போட்டு எதிரில் இருந்தார். மா ஒட்டிய சித்தியின் கைகளைப் பிடித்துக்கொண்டு, இழுத்து இழுத்து அழுது பாடத் தொடங்கினார்.

பெரியம்மா பதறிப்போனார். “ஐயோ, கலியாண வீட்டிலை ஒப்பாரியோ! ஆராவது அவவை நிப்பாட்டுங்கோ!”

அம்மா எண்ணெய் வடிகிற கரண்டியுடன் எழுந்து போனார். என் கவலை எனக்கு. கலியாணம் நின்றுவிட்டால் என் ஊதாப் பட்டுப்பாவாடையை எங்கே உடுப்பது? அதற்குள் தோழி என் காதில் அடுத்ததைச் சொன்னாள். எனக்கு மொழிபெயர்ப்புப் பெருமை வேறு. உரத்துச் சொன்னேன். “இப்ப சித்தி தன்ரை அம்மாவை நினைச்சு அழவேணுமாம்.”

அன்ரி பாட்டை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். சித்தி “அம்மா” என்று ஒரு தரம், மெதுவாக, யாரோ அடுத்த அறையில் இருப்பதுபோலக் கூப்பிட்டார். பிறகு அவருக்கு அழுகை வந்தது. அப்படி ஒரு அழுகையை அதுவரை நான் கேட்டதில்லை. பிரிக்கப் போன அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சீமெந்துத் தரையில் அப்படியே இருந்தார். தங்கையின் மடியில் தலையை வைத்து அவரும் தொடங்கினார். அன்ரி ஒரு சொல்லும் விளங்காமல், இருவருடைய முதுகையும் தடவிக்கொண்டு, சந்தோஷமாகச் சேர்ந்து அழுதார்.

பெரியம்மா அடுப்பை நிறுத்தினார். எண்ணெய்ப் புகை என்று முணுமுணுத்துக்கொண்டு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். கரிந்துபோன சிப்பிகளை நானும் தோழியும் தின்று முடித்தோம்.

கலியாணம் நிற்கவில்லை. பட்டுப்பாவாடையும் உடுத்தேன். அந்தச் சண்டையில் ஆஸ்பத்திரி வாசலில் செத்துக்கிடந்த தாயை விட்டுவிட்டு, அழக்கூட நிற்காமல் சனத்தோடு சனமாகச் சித்தி ஓடிவந்த கதை வெகுகாலம் கழித்துத்தான் என் காதுக்கு வந்தது. பலகாரம் சுட்ட அன்று பின்னேரம் பாத்திரம் கழுவும்போது, “சித்தி ஏன் அழுதவா?” என்று கேட்டேன்.

“அது அவையின்ரை ஊர் வழக்கமாம்” என்றார் அம்மா.

நான் நம்பிவிட்டேன். கலியாணம் சித்திக்குத்தானே, நீங்கள் ஏன் அவரைவிட அதிகம் அழுதீர்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.