திரைக்கு இந்தப் பக்கம்

“நான் நல்லாத்தான் இரிக்கன் சேர்,” என்றது திரைக்குப் பின்னாலிருந்த குரல். “போன கிழமையவிட இப்ப நல்லம்.”

“நித்திரை?”

“வருது சேர்.”

“சாப்பாடு?”

“திங்கிறன். பகல் உம்மா மீன் ஆக்கின. திண்டன்.”

சுரேஸ் கோப்பைத் திறந்து வைத்திருந்தான். பேனை கையில் இருந்தது. எழுதவில்லை. குனிந்த தலை குனிந்தபடியே, நிலத்துக்கும் திரைக்கும் இடையிலிருந்த நாலு விரற்கடை இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரை என்றால் கட்டில் விரிப்புத்தான். கரும்பச்சை நிறம். இரும்புக் கம்பியில் வளையங்கள் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்குப் பின்னால் இருப்பவள் முஸ்பிறா. இருபத்தொன்பது வயது. புருசன் இன்பாஸ் பிரதான வீதியில் மோட்டார் சைக்கிள் விபத்தில் மௌத்தாகி இன்றைக்கு அறுபத்தொரு நாள். நாலு மாதமும் பத்து நாளும் இத்தா. அதுவரைக்கும் வீட்டை விட்டு வெளிக்கிட மாட்டாள், அந்நிய ஆண்களின் கண்ணில் பட மாட்டாள். பிரதேச செயலகத்தில் பெண்களோடு கதைக்கும் உளவளத்துணை உத்தியோகத்தர் பிரசவ லீவில் போய்விட்டதால் சுரேஸ் வந்தான். திரை போட்டால் கதைக்கலாம் என்று வீட்டார் சம்மதித்தார்கள். அறையில் அவளுடைய காக்கா, மூத்த சகோதரன் பஸால், கூட இருப்பார், கண்ணைக் கீழே வைத்திருக்க வேண்டும் என்றார்கள். சுரேஸ் எல்லாவற்றுக்கும் ஓம் என்றான்.

பிள்ளைக்கு நிறை பார்க்க வந்த மிட்வைஃப் நதீரா எழுதியனுப்பிய துண்டு கோப்பின் முதல் தாளில் குத்தியிருந்தது. ‘தாய் யாரோடும் பேசுவதில்லை. உடனடியாகக் கவனிக்கவும்.’

முதல் நாளே முஸ்பிறா அவனோடு பேசிவிட்டாள்.

அந்தச் சந்தோசத்தில் அன்றைக்கு அவன் தன் ஊரான பாண்டிருப்பு வரைக்கும் மெதுவாகவே வண்டியை ஓட்டிக்கொண்டு போனான். ஒருத்தரோடும் கதைக்காத பெண் ஒரு தமிழ்ப் பெடியனோடு, அதுவும் திரைக்கு அந்தப் பக்கமிருந்து, கதைக்கிறாள். மாதாந்தக் கூட்டத்தில் எழும்பிச் சொன்னான். போன வருசம் கொழும்பில் மூன்று மாத உயர்தரப் பயிற்சி முடித்து வந்தவன். பல சமூகத்தாரோடும் வேலை செய்வது எப்படி என்று அங்கே ஒரு வாரம் படிப்பித்தார்கள். முகத்தை வாசி, கண்ணை வாசி, கையை வாசி என்றார்கள். முகமே இல்லாத இடத்திலும் தான் வென்றுவிட்டதாக அவன் நினைத்தான். நாளைக்கு இந்தக் கோப்பை மூட வேண்டும். ‘திருப்திகரமான முன்னேற்றம்’ என்று பென்சிலால் எழுதியும் வைத்திருந்தான்.

இப்போது இடைவெளியில் ஐந்து கால்விரல்கள் தெரிந்தன. ஐந்து நகங்களும் மருதோண்டிச் சிவப்பு.

இத்தாவில் மணம் பூசக் கூடாது, நகை போடக் கூடாது, மருதோண்டி வைக்கக் கூடாது. அதைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறான். எழுதாவிட்டாலும் தெரியும், பாண்டிருப்புக்கும் இந்த மருதமுனைக்கும் நடுவில் ஒரு ஒழுங்கைதான். அறுபது நாளைக்கு முந்தி வைத்த சிவப்பு என்றால் நகம் வளர்ந்து அடியில் வெறும் நகம் தெரிந்திருக்க வேண்டும். இது அடிவரைக்கும் சிவந்திருந்தது.

போன கிழமை முற்றத்தில் முஸ்பிறாவின் நாலு வயது மகள், “சாச்சி!” என்று தாயின் தங்கச்சியைக் கூப்பிட்டதும், “பொறு, வாறன்,” என்று திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்ததும் இப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போயிருந்தான்.

வந்தது பயம் என்று தெரியும் முன் கோபம் வாய்க்கு வந்துவிட்டது.

“முஸ்பிறா எங்க?”

சுவரோரக் கதிரையில் போனைத் தடவிக்கொண்டிருந்த பஸால் நிமிர்ந்தான். “என்ன சேர்? இந்தா இரிக்கிறாதானே.”

“இது முஸ்பிறா இல்ல. கால்ல புது மருதோண்டி.”

கால் வெடுக்கென்று உள்ளே போனது. பஸால் எழும்பியதில் கதிரை சுவரில் மோதியது.

“நீங்க காலையா பாத்திட்டு இரிந்த?”

சுரேஸுக்கு அப்போதுதான் தான் சொன்னது விளங்கியது.

“நாலு கிழமையா எங்கட வீட்டுக்குள்ள வந்து குந்திக்கிட்டு, எங்கட பொம்புளப் புள்ளட காலையா பாத்த?” பஸாலின் குரல் உயர்ந்தது. ஹாட்வெயார் கடையில் சத்தமான இடத்தில் கதைத்துப் பழகிய குரல். வெளியே பின்னேரத்து அஸர் தொழுது வருகிறவர்களின் செருப்புச் சத்தம் கேட்டது. ஒன்று வாசலில் நின்றது.

சுரேஸ் அசையாமல் இருந்தான். மோட்டார் சைக்கிள் வாசலில் நிற்கிறது. கழுத்தில் பெயர் தொங்குகிறது. இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு கதை பரவ ஒரு பின்னேரம் காணும். எழும்பிப் போனால் எல்லாம் சுத்தமாக முடியும். ‘குடும்பத்தினர் சேவையை விரும்பவில்லை’ என்று எழுதலாம், கையெழுத்து வைக்கலாம்.

“பாத்தது பிழை,” என்றான். “கண்ணக் கீழ வைக்கச் சொன்னீங்க, வச்சன். கண்டிட்டன். கண்டத அப்படிச் சொன்னதும் பிழை. மன்னிச்சிக்கொள்ளுங்க.”

“மன்னிப்பும் மண்ணாங்கட்டியும். எழும்புங்க.”

“எழும்புறன். ஒண்டே ஒண்டு கேக்கன். முஸ்பிறா உசிரோட இருக்காவா?”

குசினி வாசலில் உம்மா ஸைனம்பு வந்து நின்றாள். கையில் அகப்பை. “அல்லாட காவல். என்ன கதை மனே இது? புள்ள உள்ளுக்கு இரிக்கா.”

“கதைக்கிறாவா?”

உம்மா பஸாலைப் பார்த்தாள். பஸால் நிலத்தைப் பார்த்தான். சுரேஸுக்கு முழுவதும் விளங்கியது. இந்த வீட்டில் நாலு கிழமையாக எல்லாருக்கும் தெரியும். தெரியாதவன் அவன் ஒருத்தன்தான்.

“கதைக்கிறல்ல சேர்!” திரைக்குப் பின்னாலிருந்து குரல் உடைந்தது. அது தங்கச்சி சிபானா. “மச்சான் மௌத்தான அண்டையில இரிந்து ராத்தா ஒரு சொல்லும் கதைக்கல்ல. நாந்தான் கதைச்ச.”

“வாயப் பொத்துகா!”

“நீ பொத்து காக்கா. உனக்கென்ன, காலையில கடைக்குப் போனா ராவைக்கு வாற. நேத்து விடிய சுபஹுக்கு அவவக் கிணத்தடியில இரிந்து இழுத்துக்கொண்டு வந்தது ஆரு? நீயா?”

பஸால் திரையின் பக்கம் திரும்பினான். “கிணத்தடியிலயா?” என்றான். பிறகு உம்மாவிடம், “எனக்கு ஏன் சொல்லல்ல?”

“சொன்னா நீ கத்துவாய்,” என்றாள் உம்மா. “கத்தினா ஊருக்குக் கேக்கும்.” அகப்பையைக் கீழே வைத்துவிட்டு அவளும் நிலத்தில் குந்தினாள். “இவள்ர கலியாணம் மனே. இத்தா முடிஞ்சி பத்து நாளையில. ராத்தாவுக்குப் பைத்தியமாம் எண்டு மாப்புள வீட்ட போய்ச் சேந்தா உட்டுருவாங்க. மருதோண்டியும் அவங்கதான் கொண்டுவந்து தந்த, வேணாமெண்டு சொல்ல ஏலுமா? உங்கட மோட்டசைக்கிள் நாலுதரம் வாசல்ல நிண்டதே காணும். நல்லா இரிக்கன் எண்டு சொன்னா நீங்க எழுதிட்டுப் போயிருவீங்க எண்டுதான்...”

நல்லா இரிக்கன். நித்திரை வருது. திங்கிறன்.

அந்த மூன்று பதிலும் அவனுக்குப் பழக்கமானவை. சுனாமி வந்த வருசம் அவனுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூட மண்டபத்தில் பாயில் இருந்தான். தாள்க்கட்டோடு ஒரு பெண் வந்தாள். அவனிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் பக்கத்திலிருந்த வல்லியம்மை மாமி பதில் சொன்னாள். புள்ள நல்லா இருக்கான், நித்திரை கொள்ளுறான், சாப்பிடுறான். மாமியில் பிழையில்லை, அவளுக்கு அவன் அப்படி இருக்க வேண்டியிருந்தது. அந்தப் பெண் எழுதிக்கொண்டு போனாள், அவன் முகத்தைப் பார்க்காமலே. இப்போது அந்தத் தாள்க்கட்டு அவன் மடியில் இருந்தது.

கோப்பை மூடி நிலத்தில் வைத்தான்.

“சிபானா, ராத்தாவைத் திரைக்குக் கிட்டக் கூட்டி வந்து இருத்த ஏலுமா? நீங்களும் பக்கத்துல இருங்க. பஸால், நீங்க இருங்க. வாசல்ல நிக்கிறவரை மட்டும் அனுப்பிடுங்க.”

பஸால் அவனை ஒருதரம் முறைத்தான். பிறகு வாசலுக்குப் போய், “ஒண்ணுமில்ல மச்சான், மறுகா வாறன்,” என்று யாருக்கோ சொல்லிவிட்டு வந்தான்.

உள்ளே கட்டில் முனகியது. இரண்டு பேரின் நடை. ஒன்று இழுபட்டு வந்தது. திரை ஒருதரம் அசைந்து நின்றது. சுரேஸ் கதிரையைத் திருப்பி, சுவரைப் பார்த்தபடி, காது மட்டும் திரைப் பக்கம் இருக்குமாறு போட்டுக்கொண்டான்.

“முஸ்பிறா, நான் சுரேஸ். நாலு கிழமையா உங்களோட கதைக்கன் எண்டு நினைச்சி வேற ஆளோட கதைச்சிட்டன். உங்களுக்கு அது உள்ளுக்கு இருந்து கேட்டிருக்கும். அது என்ட பிழை.”

ஒன்றுமில்லை.

முந்திய சுரேஸ் இந்த இடத்தில் எதையாவது சொல்லி நிரப்பியிருப்பான். மௌனத்தைப் பொறுக்கப் பழகு என்று பயிற்சியில் சொன்னபோது தலையாட்டியவன்தான். ஒரு நாளும் பொறுத்ததில்லை. இப்போது பொறுத்தான். மின்விசிறி சுற்றியது. பக்கத்து வீட்டில் தறி நின்று மீண்டும் தொடங்கியது.

“பதில் வராது சேர்,” என்றான் பஸால். சுரேஸ் கையை மட்டும் உயர்த்தினான்.

பிறகு மெதுவாகக் கேட்டான். “முஸ்பிறா, கதைக்கத் தேவையில்ல. ஓம் எண்டா துணியப் புடிங்க. இல்லையெண்டா உட்டுருங்க. உங்களுக்குச் சாகோணும் எண்டு வருதா?”

“அஸ்தஃபிருல்லாஹ்,” என்றான் பஸால். “என்ன கேள்வி சேர் இது? இல்லாத நினைப்பக் குடுக்கிறதா?”

“கேக்கிறதால வராது பஸால். இருந்தா வெளியில வரும். ஒருத்தரும் ஏச மாட்டாங்க முஸ்பிறா.”

கம்பியில் வளையங்கள் கிறீச்சிட்டன.

சுரேஸ் திரும்பவில்லை. பஸாலின் முகத்தைப் பார்த்தான். அதில் தெரிந்தது போதுமாக இருந்தது.

“நேத்து கிணத்தடிக்குப் போனதும் அதுக்கா?”

“துணிய உடல்ல சேர்,” என்றாள் சிபானா அழுதுகொண்டு. “புடிச்சபடிதான் இரிக்கா.”

“இண்டைக்கும் வருதா?”

“புடிச்சிருக்கா.”

“சரி. சொன்னது நல்லம். நாளைக்குக் காலையில ஆசுபத்திரிக்கு, டொக்டரிட்ட, உம்மாவோடயும் சிபானாவோடயும் போவமா?”

வளையங்கள் மெல்லக் கலகலத்தன. திரை தளர்ந்து நேராகத் தொங்கியது.

பஸால் பெருமூச்சு விட்டான். “பாத்தீங்களா. வரமாட்டா.”

சுரேஸுக்கு இன்னொரு பிழைக்கு இடமில்லை. வற்புறுத்தினால் அந்தக் கை திரும்ப வராது. அறுபத்தொரு நாளைக்கு முந்தி நடந்ததைத் திரும்பத் திரும்ப யோசித்தான். இன்பாஸைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடியிருப்பார்கள்?

“இன்பாஸைக் கொண்டு போனதும் அந்த ஆசுபத்திரிக்குத்தானா? அந்த வாசலுக்குப் போக ஏலாதா உங்களுக்கு?”

கம்பியே வளைகிற மாதிரி திரை இழுபட்டது. உம்மா முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

“கல்முனையில ரெண்டு ஆசுபத்திரி இருக்கு முஸ்பிறா. மற்றதுக்குப் போவம். அங்கயும் நல்ல டொக்டர் இருக்கார். வாறீங்களா?”

துணி விடுபடவில்லை.

பஸால் தலையைச் சொறிந்தான். “அது உங்கட ஆக்கள்ற பக்கம். நாங்க அங்க போறல்ல.” பிறகு, “இத்தாவில வெளியில கொண்டு போறதும்...” என்றான்.

“மருந்துக்குப் போகலாம் மனே,” என்றாள் உம்மா. “உன்ட வாப்பா மௌத்தாகி நான் இத்தா இரிக்கக்குள்ள பல்லுப் புடுங்கப் போகல்லையா? ஊரே கேக்கக் கத்தினன். அப்ப ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல.”

சிபானா அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

சுரேஸ் அங்கேயே இருந்து அந்த ஆசுபத்திரி வைத்தியருக்குப் போன் எடுத்தான். தனியே விடாமல் பார்க்க இரண்டு பேர் இருந்தால் காலையில் முதல் ஆளாகக் கொண்டுவரச் சொன்னார். சமாளிக்க முடியாமல் போனால் எந்த நேரமென்றாலும் வரச் சொன்னார். சிபானாவும் உம்மாவும் முறை வைத்து விழித்திருப்பது என்று பேசிக்கொண்டார்கள். பஸால் கடைக்குப் போய்த் தகரம் கொண்டுவந்து கிணற்றை மூடி நாலு கல்லும் வைத்தான். சுரேஸ் கூட ஒரு பக்கம் பிடித்தான். வண்டியை எடுக்கும்போதுதான் பஸால், “காலப் பத்திச் சொன்னது எனக்கு இன்னம் சரியில்ல சேர்,” என்றான்.

“ஓம்,” என்றான் சுரேஸ்.

மறுநாள் காலை எட்டு முப்பத்தைந்துக்கு இரண்டு ஓட்டோக்கள் அந்த மற்ற ஆசுபத்திரிக்கு வந்தன. ஒன்றில் பெண்கள் மூவரும், மற்றதில் பஸாலும் இருந்தார்கள். பெண் வைத்தியர் ஒருவர் முஸ்பிறாவை முக்கால் மணித்தியாலம் பார்த்து வார்டில் அனுமதித்தார். சிபானா கூட நின்றாள். முஸ்பிறா கதைக்கவில்லை. பத்தரைக்குத் தேத்தண்ணி குடித்தாள்.

சுரேஸ் அலுவலகத்துக்குப் போய் முந்திய மூன்று பதிவுகளுக்கும் கீழே, ‘பதிலளித்தவர் சேவை பெறுநர் அல்லர். இதை நான் கவனிக்கத் தவறினேன்,’ என்று எழுதித் திகதி போட்டான். பென்சிலால் எழுதியதை அழித்தான். மேலதிகாரி எழுத்தில் விளக்கம் கேட்டார். இரண்டு மணிக்கு முன் கொடுத்தான்.

மாப்பிள்ளை வீட்டுக்குச் செய்தி போய்விட்டது. அவர்களிடமிருந்து அன்றைக்கு ஒரு பதிலும் வரவில்லை.

நாலு மணிக்கு வார்டில் பார்வையாளர் நேரம். சுரேஸ் போனான். கட்டிலைச் சுற்றி ஆசுபத்திரியின் வெள்ளைத் திரை இழுத்துவிட்டிருந்தது. இந்தப் பக்கம் ஒரு கதிரை கிடந்தது. அதில் அமர்ந்து, வந்திருப்பது சுரேஸ் என்று சொன்னான். ஒரு கேள்வியும் கேட்காமல் அங்கேயே இருந்து, ஐந்து மணிக்கு மணி அடித்ததும் எழும்பினான்.