தடித்த குழாய்

பிற்பகல் மூன்று மணி. எங்கள் லயத்து வீட்டு வாசலில் நான் முதலில் பார்த்தது, லாரிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த அப்பாவின் கால்களை. பக்கத்தில் இரண்டு இரும்புக் குழாய்கள் கிடந்தன. ஒன்று தடித்தது, மற்றது மெலிந்தது.

ரெங்கம் பக்கத்துத் தோட்டமொன்றில் அப்பா லாரி ஓட்டினார். எஞ்சின் புகையை வெளியே கொண்டுபோகும் குழாய் அன்று காலை துருப்பிடித்து விழுந்துவிட்டது. வீட்டுக்குள் தங்கைக்குக் கடும் காய்ச்சல். குளுவாங் ஆஸ்பத்திரிக்குப் போக வேறு வண்டி இல்லை. இன்னும் நடக்கப் பழகாத அவள் செத்துப்போவாளோ என்ற பயத்தில் நான் வீட்டுக்குள் போகாமலே நின்றேன்.

மெலிந்ததை மாட்டலாம் என்றார் அப்பா. அம்மாவின் தம்பியான மாமா சிரித்தார்.

“அலமாக்! இந்த ஊதாங்குழல மாட்டுனா மேட்டுல வண்டி இருமியே படுத்துரும் மச்சான். பெருச போடுங்க லா.”

“பெருசு பின் அச்சுக்கு மேல வளையாது மாப்ள.”

“வளையாட்டி அங்கயே முடிச்சிருங்க. புகைதானே, எங்க வந்தா என்ன?”

தடித்ததே மாட்டப்பட்டது. அது வண்டியின் பின்முனைவரை போகாமல், பலகைத் தளத்துக்கு அடியிலேயே முடிந்தது.

கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. குழந்தையைப் படுக்கவைக்க இடம் வேண்டுமென்று அம்மா பின்னால் ஏறினாள். நனையாமலிருக்க மாமா படுதாவைச் சுற்றிலும் இறக்கி இறுகக் கட்டினார். நாங்கள் மூவரும் முன்னால் உட்கார்ந்தோம்.

மேட்டில் அப்பாவின் காது எஞ்சினிலேயே இருந்தது. என் காது முதுகுப் பலகைக்குப் பின்னால், தங்கையின் அழுகையில் இருந்தது. அழும்வரை உயிரோடிருக்கிறாள் என்பது என் கணக்கு. லாரி ஒருமுறைகூடத் திணறவில்லை.

“பாத்தீங்களா மச்சான், குதிர மாதிரி ஏறுது!” என்றார் மாமா.

அழுகை நின்றது.

“அப்பா, பாப்பா அழுவல.”

“தூங்கட்டும் தாயி.”

அம்மாவைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மாமா பலகையைத் தட்டி, “அக்கா!” என்றார். அதற்கும் பதில் இல்லை. அப்பா வண்டியை நிறுத்தினார்.

மாமா படுதாக் கயிற்றை அறுத்ததும் புகை முகத்தில் அடித்தது. இருவரையும் தூக்கிவந்து சாலையோர லாலான் புல்லில் மழையிலேயே கிடத்தினார்கள். அம்மா வாந்தியெடுத்துக் கண் திறந்தாள். தங்கை திறக்கவில்லை.

“காச்சல்தான்க்கா கொண்டுபோயிருச்சு” என்று மாமா திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பா குனிந்து பலகைத் தளத்துக்கு அடியில் பார்த்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போதும் மழை விடவில்லை. தங்கையை மடியிலிருந்து இறக்க மறுத்து அம்மா பின்னாலேயே உட்கார்ந்தாள். ஆனால் படுதாவை முழுக்கச் சுருட்டிவிட்டார்கள். அம்மா நனைகிறாளே, படுதாவை இறக்கிவிடுங்கள் என்று நான் சத்தம் போட்டேன். ஒருவரும் ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

அம்மா கடைசிவரை காய்ச்சல் என்றே நம்பினாள்.