தாது உப்பும் தகுதிகாண் பருவமும்

உங்கள் உடம்பில் ஏதோ ஒன்று குறைகிறது என்று உங்களை நம்பவைப்பதுதான் என் தொழில்; எதுவுமே குறையாத ஒருவர் வந்துவிட்டால், எங்கள் அலுவலகத்தில் அவருக்கு 'இன்னும் சரியாகச் சோதிக்கப்படாதவர்' என்று பெயர்.

ஹைதராபாத் நாச்சாரத்தில் இருக்கும் எங்கள் கம்பெனி இரண்டு விதமான சரக்கு தயாரிக்கிறது. மனிதர்களுக்கு வைட்டமின், ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்திரைகள். மாடுகளுக்குத் தாது உப்புக் கலவை. இரண்டுக்கும் நான்தான் 'ஊட்டச்சத்து ஆலோசகர்'. உயிர்வேதியியல் படித்த பெண் விற்றால் அது விற்பனை இல்லையாம், ஆலோசனையாம். தகுதிகாண் பருவம் முடிவதற்குள் டார்கெட்டை எட்டினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஊருக்கு பஸ். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். 'இந்த வேலை போனால் இன்னொன்று' என்று அலட்சியமாகச் சொல்லக்கூடிய ஆள் எங்கள் வீட்டில் இன்னும் பிறக்கவில்லை. டார்கெட் என்ற சொல்லைக் கேட்டாலே காலண்டரைத் திரும்பிப் பார்க்கும் என் இனத்தாரே, இதெல்லாம் உங்களுக்குப் புரியும்.

கண்கண்ட மருந்து

மல்காஜ்கிரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் முகாம் போட்டோம். முகாம் என்றால் ஒரு மேசை, ஒரு பேனர், நான். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு மாமா பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை வாங்கிப் போனார். அடுத்த முகாமுக்கு முதல் ஆளாக வந்து நின்றார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஒன்றுக்குப் போனால் பளிச்சென்று மஞ்சளாகப் போகிறது என்று காதோடு சொன்னார்.

பயந்துவிட்டாரே என்று எனக்குப் பதறியது. "ஒண்ணுமில்ல மாமா, அது பி2-வோட நிறம். உடம்பு தனக்கு வேண்டியதை எடுத்துக்கிட்டு மிச்சத்தை வெளியே தள்ளுது. நீங்க நல்லா சாப்பிடறவர், உங்களுக்கு இது தேவையே இருக்காது" என்றேன். டார்கெட்டில் ஒரு ஆளை நானே கழித்துக்கொண்டிருக்கிறேன் என்று பாதியிலேயே உறைத்தது. நிறுத்தத்தான் தெரியவில்லை. மாமா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "என்னம்மா நீ! முட்டி வலிக்கு வருஷக்கணக்கா மாத்திரை முழுங்கறேன், ஒண்ணும் தெரியல. இது மறுநாளே கண்ணுக்குத் தெரியுது. இன்னும் ரெண்டு டப்பா குடு."

உடம்பைப் பேணும் முறை

ஒரு மென்பொருள் அலுவலக வாசலில் மேசை போட்டிருந்தபோது, நம் ஊர்க்காரர் ஒருவர் வந்தார். டீம் லீடர். ஒரு கையில் சிகரெட், மறு கையில் எங்கள் மாத்திரை டப்பா. "புகை உள்ளே பண்ற டேமேஜை இது சரிபண்ணிடும் இல்லீங்க?" என்றார். அவருடைய குழு மொத்தமும் டீ கிளாசோடு பின்னால் நின்றிருந்தது. அவர் தலையாட்டினால் எல்லோரும் ஆளுக்கொன்று வாங்குவார்கள்.

நான் உண்மையைச் சொன்னேன். இதில் பீட்டா கரோட்டின் அதிகம். கேரட்டில் இருந்தால் நல்லதுதான், ஆனால் புகைபிடிப்பவர்கள் அதையே மாத்திரையாக அதிக அளவில் எடுத்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் கூடும். அவர் முகம் மாறியது. டப்பாவை மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டு, அடுத்த சிகரெட்டைப் பற்றவைத்தார். "நல்ல வேளை சொன்னீங்க. உடம்புக்கு ஆகாததை எதுக்கு உள்ளே தள்ளணும்?"

பால் கொடுப்பவர்களுக்கு மட்டும்

போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால் எருமைகள் வைத்திருக்கிறார் முனுசாமி அண்ணன். தாத்தா காலத்திலேயே வேலூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம். மார்க்கெட்டில் கழிக்கும் காலிஃபிளவர் இலையும் எங்கள் தாது உப்பும் எருமைகளுக்கு; டீயும் பன்னும் அண்ணனுக்கு. எருமை தீவனத்தைக் கொஞ்சம் ஒதுக்கினாலும் டாக்டருக்குப் போன் போகும். அண்ணனுடைய வாயோரம் இரண்டு பக்கமும் வெடித்துப் புண்ணாகி இருக்கும். சிரித்தால் வலிக்கும் என்பதால் சிரிக்கவே மாட்டார்.

"அண்ணே, இது சத்துக் குறைவா இருக்கலாம். மாத்திரைகூட வேணாம், முட்டை, கீரை, பருப்புன்னு சாப்பிட்டுப் பாருங்க. டாக்டர்கிட்டயும் காட்டுங்க" என்றேன். அண்ணன் வலியையும் மறந்து சிரித்துவிட்டார். "எருமைக்குக் குறைஞ்சா பாலு குறையும். எனக்குக் குறைஞ்சா இன்னாம்மா குறையப் போவுது? என்னை யாரு கறக்கறா?"

ஸ்டிக்கர்

முனுசாமி அண்ணனின் மைத்துனர் கோபால் ஊருக்கு வெளியே செம்மறி ஆடுகள் வளர்க்கிறார். மாமன் வீட்டு எருமைகளின் மினுமினுப்பைப் பார்த்து ஆசைப்பட்டு, அதே கலவையை மந்தை முழுமைக்கும் கேட்டு நேராக எங்கள் மேனேஜர் பாஸ்கர் சாருக்கே ஆர்டர் கொடுத்துவிட்டார். அந்த ஒரே ஆர்டரில் என் டார்கெட் முடிந்தது. வீட்டுக்குப் போன் செய்து சொல்லலாமா என்று யோசிக்கும்போதே பையில் அச்சடித்திருக்கும் பட்டியல் ஞாபகத்துக்கு வந்தது. மாட்டுக் கலவையில் செம்பு உண்டு. மாட்டுக்கு அது வேண்டும். செம்மறிக்கோ அந்த அளவு விஷம். ஈரலில் சேர்ந்துகொண்டே போய் ஒருநாள் திடீரென்று ஆடு விழுந்துவிடும்.

பாஸ்கர் சார் செகந்திராபாத்தில் பல தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம்; அவர் தமிழில் ஊர் உருதுவும் கலந்திருக்கும், 'கைக்கு' என்றால் ஏன், 'ஹவ்' என்றால் ஆமாம், 'நக்கோ' என்றால் வேண்டாம். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆராய்ச்சியாளருக்கு உரிய முகம். "கைக்கு இவ்ளோ டென்ஷன்? பை மேல மாட்டுப் படம் இருக்கறதுதானே உன் பிராப்ளம்? ஆட்டுப் படம் ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டிடலாம்."

வேண்டாம் என்ற வார்த்தை

மாடிப்படியில் நின்று கோபாலுக்குப் போன் செய்தேன். "எங்க கலவை உங்க ஆட்டுக்கு வேணாங்க, செத்துப்போயிடும். நம்பலன்னா உங்க கால்நடை டாக்டரைக் கேளுங்க" என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். ஆர்டர் ரத்தானது. நான் தங்கியிருக்கும் அறைக்குப் போய், ஊருக்குக் கிளம்பத் தோதாகப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தேன்.

தகுதிகாண் பருவத்தின் கடைசி வாரம், பாஸ்கர் சார் தன் அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே கோபால் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதையே அவருடைய டாக்டரும் சொன்னாராம். மந்தை பிழைத்த சந்தோஷத்தில், தன் வீட்டிலும் தம்பிகள் வீடுகளிலும் இருக்கும் அத்தனை பேருக்கும் எங்கள் ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்திரை வாங்கியிருந்தார். அட்டைப்பெட்டி மேசைமேல் இருந்தது. "ஐயோ, உங்களுக்கும் இது தேவைப்படாதுங்க, முதல்ல ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாருங்க" என்றேன். அவர் கண்கலங்கி எழுந்து நின்றார். "பாத்தீங்களா சார்? ஆட்டுக்கு ஆகாததையே விக்க மாட்டேன்னு சொன்ன பொண்ணு வேலை செய்ற கம்பெனி, மனுஷனுக்கு ஆகாததையா விக்கும்? இன்னொரு பெட்டி போடுங்க."

அவர் போனதும் பாஸ்கர் சார் எழுந்து எனக்குக் கை கொடுத்தார். வேலை நிரந்தரம் என்றார். அது மட்டுமல்ல, அடுத்த மாதம் புதிதாகச் சேருபவர்களுக்கு நான்தான் பயிற்சி கொடுக்க வேண்டுமாம். "ஆனா சார், நான் நிஜமாவே வேணாம்னுதான் சொன்னேன்" என்றேன். அவர் வாய் நிறையச் சிரித்தார். "ஹவ்! அதான்மா டெக்னிக்கு. அந்த மூஞ்சியை மட்டும் மாத்தவே நக்கோ."

உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்துகொண்டிருந்தேன். உண்மை நன்றாக விற்கிறது என்பதற்காக வேலையில் வைத்துக்கொண்டார்கள், இப்போது வாயைத் திறக்கவே பயமாக இருக்கிறது.